பாலத்தில் நான் வாயைத் திறக்காதது குறித்து

காசில்டவுன், மான் தீவு
1975 செப்டம்பர் 9

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காசில்டவுன் சதுக்கத்தில் ஆணியும் கயிறும் பெயின்டும் விற்கும் சீசர் கின்னிஷ் பணிவுடன் எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும், போன மாதம் இயந்திரத்தில் விரலைக் கொடுத்த தங்கள் அச்சுக்கோப்பவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே என் தொண்டையைத் தவிர மற்ற எல்லாரும் நலம்.

இது நான் தங்கள் பத்திரிகைக்கு எழுதும் நாற்பத்து நான்காவது கடிதம். முந்தைய நாற்பத்து மூன்றும் எதைப் பற்றி என்று தங்களுக்கும் தெரியும், தீவுக்கே தெரியும்: தப்பு செய்யும் பையன்களுக்கு நீதிமன்றம் விதிக்கும் விளாறடி, அதாவது பிர்ச் குச்சிக் கட்டால் கொடுக்கும் அடி, நீடிக்க வேண்டும் என்பதுதான். இந்தக் கடிதம் மறுப்புக் கடிதம். போன வாரம் தங்கள் 'ஊர்ப் பேச்சு' பகுதியில், "மகனை விளாறடியிலிருந்து காப்பாற்ற ஒரு கடைக்காரர் பாலத்தில் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாராம்" என்று இரண்டு வரி போட்டிருந்தீர்கள். பெயர் போடவில்லை. மகனுக்கு விளாறடித் தீர்ப்பான கடைக்காரர் தீவில் நான் ஒருவன்தான் இருக்கும்போது பெயர் எதற்கு? அந்தச் செய்தி அப்பட்டமான பொய். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

என் கொள்கையில் மாற்றமில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். பன்னிரண்டாவது கடிதத்தில், அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பிகூட உதவமாட்டான் என்று எழுதியது நான்தான். இருபத்தொன்பதாவதில் ஐரோப்பிய மனித உரிமை என்று கிளம்பியிருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்காரர்களை ஒரு பிடி பிடித்ததும் நான்தான். நம் தீவுப் பையன் ஒருவனுக்குக் கொடுத்த அடியைப் பற்றி, 'இது இழிவுபடுத்தும் தண்டனை, மனித உரிமைச் சட்டத்துக்கு விரோதம்' என்று அங்கே வழக்கு நடக்கிறதே, புகைபோட்ட ஹெர்ரிங் மீனை எந்தப் பக்கத்திலிருந்து தின்ன ஆரம்பிப்பது என்று தெரியாதவர்களுக்கு நம் பையன்களைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். முப்பத்தொன்றாவதில், என் கடைக் கண்ணாடியை உடைத்து இரண்டு டப்பா சிவப்பு பெயின்டைத் தூக்கிப்போன மீன்காரர் குவர்க்கின் மகன் ராபிக்கு மூன்று அடி போதாது, ஆறு வேண்டும் என்று எழுதினேன். அவ்வளவு ஏன், காவல் நிலையத்துக்கு விளாறு போவதே என் தோட்டத்து பிர்ச் மரத்திலிருந்துதான். காசு வாங்குவதில்லை.

இப்படிப்பட்டவன் மகன் ஃபின்லோ, பதினைந்து வயது, கோடைக்கு இங்கிலாந்திலிருந்து வந்திருந்த அக்கரைப் பையன் ஒருவனைக் கடற்கரையில் மூக்கில் குத்திவிட்டான். மூக்கு உடைந்தது. ஏன் குத்தினாய் என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள், நான் கேட்டேன், என் மனைவி வோரி அழுதுகொண்டே கேட்டாள். பயல் வாயே திறக்கவில்லை. மூன்று அடி என்று தீர்ப்பாயிற்று. என்னை நன்றாகத் தெரிந்த மாஜிஸ்திரேட், இறங்கிப் போகும்போது என் தோளைத் தட்டி, "உங்களுக்குத் திருப்திதானே, கின்னிஷ்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? அன்றிலிருந்து நாலு நாள் வோரி என்னோடு பேசவில்லை. உருளைக்கிழங்கைத் தோல்கூட உரிக்காமல் தட்டில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு டக்ளஸ் தலைமைக் காவல் நிலையத்தில் தண்டனை. கூட தகப்பன் வரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. டாக்டர் இல்லாமல் அடிக்கக்கூடாது என்றும் இருக்கிறது. டாக்டர் ஸ்கில்லிகார்ன் நாலு மணிக் கப்பலில் லிவர்பூலுக்கு மகள் கல்யாணத்துக்குப் போகிறார், அதனால் தாமதம் கூடாது என்று சார்ஜென்ட் கெர்மீன் இரண்டரைக்கே காரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அவர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். பின் கண்ணாடியோரம் விளாறு கிடந்தது. அதைத் தங்கள் பத்திரிகையில்தான் சுற்றியிருந்தார்கள், ஐயா. என் நாற்பத்தோராவது கடிதம் வெளிப்பக்கம் தெரிந்தது. தலைப்பு, தங்களுக்கு நினைவிருக்கலாம், 'மூன்று அடியில் யாரும் செத்துப்போனதில்லை.'

கார் கிளம்பியதும் சும்மா இருக்க முடியாமல் நான்தான் ஆரம்பித்தேன். "கெர்மீன், அங்கே எப்படி, சட்டுனு முடிஞ்சிருமா?"

"அஞ்சு நிமிஷ வேலைய்யா. கால்சட்டையை எறக்கிட்டு மேசை மேல குனிய வைப்போம். ரெண்டு பேரு கையப் புடிச்சுக்குவாங்க. ஒருத்தர் அடிப்பாரு. டாக்டர் பக்கத்துல நிப்பாரு."

"கால்சட்டையையா?"

"பின்னே? நாப்பத்து மூணு லெட்டர் எழுதினவன், இதுகூடத் தெரியாதா ஒனக்கு?"

தெரியாது, ஐயா. ஏழு வருஷமாக எழுதுகிறேன், ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்குள் இருந்த படத்தில் பையன் நிமிர்ந்து நிற்பான், கையை நீட்டுவான், மூன்று அடி வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுத் திருந்திப்போவான். ஃபின்லோ பதினொரு வயதிலிருந்து குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறவன். அவன் அம்மா துண்டு கொடுத்தால்கூட கதவிடுக்கில் கையை மட்டும்தான் நீட்டுவான். நான் பின் ஸீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், காது மட்டும் சிவந்திருந்தது.

கெர்மீன் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "ஏண்டா, இப்பவாவது சொல்லேன். எதுக்குடா அந்தப் பயல அடிச்சே?"

"அப்பாவப் பத்திப் பேசினான்."

"என்ன பேசினான்?"

"பேப்பர்ல எழுதுற அடிப்பைத்தியம் ஒங்கப்பாதானே, ஒன் தோல வீட்டுல தெனம் உரிப்பாராமேன்னு கேட்டான். எங்கப்பா என்னை ஒரு நாள்கூட அடிச்சதில்லேன்னேன். பொய்யின்னு சிரிச்சான். எல்லாரும் சிரிச்சாங்க. குத்திட்டேன்."

பையன் சொன்னது உண்மைதான், ஐயா. நான் அவனை அடித்ததே இல்லை. தயவுசெய்து இந்த வரியை மட்டும் அச்சிட வேண்டாம், ஊரில் என் மானம் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் பாலம் வந்தது, இந்த நேரத்தில்தான் எனக்குத் தொண்டை கட்டியது. பாலத்தடியில் குடியிருக்கும் 'அவர்களுக்கு', அக்கரைக்காரர்கள் கூசாமல் குட்டித் தேவதைகள் என்று பெயர் சொல்கிறார்களே அவர்களுக்கு, வணக்கம் சொல்லாமல் தாண்டினால் என்ன ஆகும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கெர்மீன் போன மார்ச்சில் பல்வலியில் மறந்து தாண்டிப்போய், அடுத்த திருப்பத்திலேயே காரின் அச்சு முறிந்து பள்ளத்தில் கிடந்தவர். அவர் தொப்பியைக் கழற்றி, "வணக்கம், எல்லாரும் சௌக்கியந்தானே" என்றார். ஃபின்லோ, இந்த நிலையிலும், "வணக்கம்" என்றான். அரை மைல் போனதும் கெர்மீன் பிரேக்கை மிதித்தார்.

"கின்னிஷ், நீ சொன்னியா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

"எழவே! வண்டியத் திருப்பணுமே!"

திருப்பினார். திரும்புவதற்கும் பாலத்தைத் தாண்ட வேண்டும், அதற்கும் வணக்கம் சொல்ல வேண்டும். அதையும் நான் சொல்லவில்லை என்பதால் கணக்கு இரண்டாயிற்று. மறுபடி டக்ளஸ் பக்கம் வரும்போது தலையை மட்டும் நன்றாகத் தாழ்த்தினேன். "தலையாட்டுனா போதுமா? அவங்களுக்கு அது தெரியணும்ல?" என்றார் கெர்மீன். அடுத்த முறை, "சொல்லுய்யா, ஒத்த வார்த்தை, சொல்லித் தொலைய்யா" என்று கெஞ்சினார். நான் முயன்றேன், ஐயா, பாலத்தின் கடைசிக் கல்லைத் தாண்டியபிறகுதான் குரல் வந்தது. கெர்மீன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். அதற்கடுத்த முறை ஐம்பது செம்மறி ஆடுகள் பாலத்தை அடைத்து நின்றன. அவற்றை நான் கூப்பிடவில்லை. அதற்கும் அடுத்த முறை ஒரு பேருந்து நிறைய அக்கரைக்காரர்கள் இறங்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு வெளியூர்க்காரர்கள் முன்னால் 'அவர்களோடு' பேசுவது மரியாதையாகாது என்று சைகையால் சொன்னேன். நியாயந்தான் என்று கெர்மீனே ஒப்புக்கொண்டார். நம் ஊர் வழக்கப்படி 'நேரம் கெடக்கு, நேரம் கெடக்கு' என்று வேறு சொல்லிக்கொண்டார். நேரம் கிடக்கவில்லை. பின் ஸீட்டில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஃபின்லோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அழுகிறானென்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

டக்ளஸ் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து, துறைமுகத்தில் கப்பல் தடுப்புச் சுவரைத் தாண்டிக்கொண்டிருந்தது. டாக்டரில்லாமல் அடியில்லை. பத்து நாள் தள்ளி வைத்தார்கள். அதற்குள் வோரி அக்கரையிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண் வக்கீலைப் பிடித்தாள், முப்பத்தெட்டாவது கடிதத்தில் நான் திட்டியிருக்கிறேனே, அதே பெண். மேல்முறையீட்டில் அடியை ரத்து செய்து, மூக்குடைந்த பையனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். ஃபின்லோவும் கேட்டுவிட்டான். இருவரும் இப்போது கடிதம் எழுதிக்கொள்கிறார்கள், அந்த வியாதி எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, நடந்ததெல்லாம் தற்செயல். விளாறடி நம் தீவின் வேலி என்றே இன்றும் சொல்கிறேன், ஸ்ட்ராஸ்பர்க்காரர்கள் வேலியைப் பிடுங்க வருகிறார்கள் என்றும் சொல்கிறேன். அடியாத மாடு படியாது. இந்த மறுப்பைப் போன வாரச் செய்தி வந்த அதே இடத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன். தங்கள் பத்திரிகை நீடூழி வாழவும், அச்சுக்கோப்பவரின் விரல் சீக்கிரம் மடங்கி நீளவும் வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
சீசர் கின்னிஷ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மீன்காரர் குவர்க் கடைக்கு வந்து தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார். ராபி மறுபடி எங்கோ கண்ணாடியை உடைத்திருக்கிறான், தீர்ப்பாகிவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை டக்ளஸுக்குக் கூட்டிப்போகிறார்கள். குவர்க் அன்றைக்குக் கடலில் இருப்பார், தாயில்லாத பையன். "நீங்க கோபக்காரர்னு தெரியும், வேற ஆளில்ல. அவங்கூடக் காருல ஒக்காந்து போக முடியுமா?" என்று கேட்டார். போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வோரி இன்று உருளைக்கிழங்கைத் தோலுரித்து வைத்தாள். மேலே எழுதிய மறுப்பைத் தாங்கள் அச்சிட வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டருக்கு எந்தக் கப்பல் என்று மட்டும் விசாரித்து ஒரு வரி எழுதுங்கள். எனக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை.