கையைத் தூக்கி நின்ற பொரிக் கரடி

டோல்கேட்,
நவம்பர் 2006

மரியாதைக்குரிய பெரிய மச்சான் வெள்ளத்துரை அவர்களுக்கு, டோல்கேட் பொரிகடலைக் கடை உச்சிமாகாளி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை தங்கபுஷ்பமும் சுகம். அங்கே தாங்களும் மதினியும், தோட்டத்துப் பனை முதல் கூட்டுக் கோழிக்குஞ்சு வரை சகலமும் சுகமாக இருக்க வேண்டும்.

"என் தங்கச்சியை ஊரார் வீட்டுக்கெல்லாம் கேக் செய்ய விட்டிருக்கீரே, வெக்கமா இல்லையா? ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று போனில் சொன்னீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது லைனில் தாங்கள் இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படவும்.

காத்திவாக்கத்தில் லட்சுமணன் என்று ஒருவர் பாக்சிங் கிளப் நடத்துகிறார். அவரிடம் பாக்சிங் பழகும் மாயா என்ற பெண் மாநிலப் போட்டியில் பைனலுக்குப் போயிருந்தாள். ஜெயித்து வந்ததும் வெட்ட ஒரு கேக் வேண்டும் என்று தங்கபுஷ்பத்திடம் வந்தார். கிளப் பனியனில் ஒரு கரடி படம் இருக்கிறது, கிளவுஸ் மாட்டி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கும். அதே போல் வேண்டும் என்றார். இவளும் சரி என்றுவிட்டாள். முழுக்க கேக்கிலேயே செய்து பார்த்ததில், தலை மெல்ல இறங்கி வயிற்றுக்குள் போய்விட்டது, கைகள் தோளிலிருந்து உதிர்ந்து விழுந்தன. அந்தக் கரடியை நான்தான் தின்று தீர்த்தேன். அதற்கெல்லாம் அசருகிறவளா தங்கள் தங்கை? கேபிள் டிவியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பஞ்சு மாதிரி இருக்கும் மார்ஷ்மெல்லோ மிட்டாயை வெண்ணெயில் உருக்கி, ஏதோ பொரியைக் கலந்து, அச்சில் அழுத்தி பொம்மைத் தலை செய்ததைப் பார்த்திருக்கிறாள். கேக் கனம், பொரி லேசு, அழுத்தி ஆறவிட்டால் கல்லாக நிற்கும் என்று பிடித்துக்கொண்டாள். நேரே கடைக்கு வந்து, வியாபாரிகள் நிற்கும்போதே மூட்டைக்குள் கையை விட்டுத் துழாவி, "பொரி நமுத்துல்லா கெடக்கு" என்றாள். என் சரக்கை என் கடையிலேயே நின்று நமுத்தது என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

மிட்டாயை ஆட்டோக்காரர் சௌக்கத் அலி பர்மா பஜாரில் தேடி வாங்கி வந்தார். இவள் பொரியை மொறுமொறுவென்று வறுத்து, லேசாக நொறுக்கி, உருக்கிய மிட்டாயில் புரட்டி, கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு கொட்டாங்கச்சியில் அழுத்தினாள். இரண்டு கச்சி சேர்ந்து ஒரு தலை. குழிக்கரண்டியில் அழுத்தியது கிளவுஸ். கரடியின் கைக்கு நடுவில் மூங்கில் குச்சி. ஆறியதும் தட்டிப் பார்த்தேன், மச்சான், கதவைத் தட்டியது போல் சத்தம் வந்தது. என் பொரிக்கு இப்படி ஒரு பிறவி உண்டென்று இத்தனை காலம் மூட்டை மூட்டையாக விற்ற எனக்குத் தெரியவில்லை. அன்று முழுக்கக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இதையே பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில் லட்சுமணன் முகம் செத்துப்போய் வந்தார். "யக்கா, பொண்ணு பைனல்ல தோத்துட்ச்சி. கண்ணு வேற வீங்கிகீது. யாராண்டையும் பேச மாட்டேங்குது. கேக்கு வேணாங்கா."

"தோத்த பிள்ளைக்கு வாய் கிடையாதா தம்பி? கேக் வரும், போங்க" என்றாள் இவள். பிறகு, "பிள்ளைக்கு எந்தக் கண்ணுல அடி?" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

வயிறு, கால்கள் எல்லாம் கேக், தலையும் கையும் பொரி. மேலே சப்பாத்தி போல் விரித்த சர்க்கரை மாவைப் போர்த்தினாள். கரடியை என் மடியில் வைத்து ஆட்டோவில் கிளம்பினோம். எண்ணூர் ரோட்டைத் தாங்கள் பார்த்ததில்லை. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, நடுவே குளம் போல் பள்ளம். ஒரு லாரி திடீரென்று நிற்க, சௌக்கத் அலி பிரேக் அடிக்க, கேக்கை விட மனமில்லாமல் நான் நெற்றியைக் கொண்டுபோய்க் கம்பியில் கொடுத்தேன். "கரடிக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று தங்கள் தங்கை கேட்டாள். சௌக்கத் அலிதான் திரும்பிப் பார்த்து, "யக்கா, அது ஸோக்கா கீது. அண்ணாச்சி மண்டதான் வீங்கிகீது" என்றார்.

கிளப்பில் மாயா கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தாள். யார் கூப்பிட்டும் வரவில்லை. இவள் போய்க் கூப்பிடவும் இல்லை, பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நின்றாள். "கரடிக்குக் கண்ணு வீங்கிகீது!" என்று கிளப் பிள்ளைகள் கத்தினார்கள். அதைக் கேட்டு அந்தப் பெண் எழுந்து வந்தாள். அவளுக்கு வீங்கியிருந்த அதே இடது கண், அதே ஊதா நிறம். இரண்டு கையும் மட்டும் மேலே. கரடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள்.

"யக்கா, ஜெயிச்சவங்க கையதான தூக்குவாங்க? இதுக்கு யாரு கைய தூக்கி வுட்டது?"

"யாரும் தூக்கலம்மா. உள்ள குச்சி இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். லட்சுமணன் கரடியின் கையை வெட்டப் போனார், கத்திதான் வளைந்தது. "தள்ளு மாஸ்டர்" என்று மாயா தோளை இறக்கி ஒரு குத்து விட்டாள். கை நொறுங்கி, ஒரு துண்டு என் சட்டைப் பைக்குள் விழுந்தது. மொறுமொறுவென்று தின்றுகொண்டே, "மாஸ்டர், நாளிக்கி எத்தினி மணிக்குத் தொறப்ப?" என்று அவள் கேட்டாள். லட்சுமணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொரித்தூள் கண்ணில் பட்டுவிட்டது என்றார்.

இதற்குத்தான் மச்சான், நான் வெட்கப்பட வேண்டும் என்கிறீர்கள். இருந்தாலும் தாங்கள் பெரியவர். தங்கள் மனம் நோகக் கூடாதென்று, இனிமேல் வெளி ஆர்டர் எதுவும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சிரமப்பட்டு வரவேண்டாம். மதினிக்கு என் வணக்கம். தங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும், தூரத்திலிருந்தே தந்தாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
உச்சிமாகாளி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் மதினி தங்கபுஷ்பத்துக்குப் போன் செய்தார்கள். தை மாதம் தங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குத் தங்கள் உருவத்திலேயே ஒரு கேக் வேண்டுமாம். தங்களுக்குத் தெரியக் கூடாதாம், ஆகவே தெரியாதது போல் இருந்துகொள்ளவும். இவள் ஆர்டரை எடுத்துவிட்டாள். மீசைக்கு அளவு வேண்டும் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும்.