பெட்ஷீட் குடுங்க, ஜங்ஷன் வருது

அன்பும் மரியாதையும் நிறைந்த ஜெபமாலை அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் ஜென்சி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், லூர்துராணி அக்காவின் கல்யாணம் மட்டும் சுகமில்லை. போனில் பேச வெட்கமாக இருப்பதால் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். அப்போதே தடுத்திருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லிவிட்ட மாப்பிள்ளை வீட்டார் இன்று காலை சென்னையிலிருந்து வந்தார்கள். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்ததால், மாப்பிள்ளை பிராங்க்ளினின் அப்பா சகாயநாதன் மாமா, மதியம் சாப்பிட்டதும் "கொஞ்சம் கண்ணயர்ந்துட்டு நல்ல பதிலாச் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான், அப்பாவுக்கு டியூட்டி ஏறிவிட்டது. இருபது வருஷமாக ரயிலின் ஏசி பெட்டியில் படுக்கை கொடுக்கிறவர் அல்லவா? ஆளுக்கு இரண்டு விரிப்பு, ஒரு கம்பளி, ஒரு தலையணை, ஒரு கைத்துண்டு என்று எடுத்துக் கொடுத்தார். மாமா தூக்கக் கலக்கத்தில், "தம்பி, லைட்டை அணைப்பா" என்றார். மாமா அப்பாவைவிட மூன்று வயது சின்னவர். ஆனால் ரயிலில் யாருக்கும் அப்பாவின் பேர் தெரியாது, பால் பல் விழாத பிள்ளைகூடத் தம்பி என்றுதான் கூப்பிடும். அதனால் அப்பாவும் "சரிங்க சார்" என்று அணைத்தார். வீட்டில் இருக்கிற நினைப்பும் அந்த லைட்டோட அணைஞ்சுபோச்சு அத்தை.

மூணு மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தவர் நேரே போய் மாமா கால் கட்டைவிரலை ஆட்டி, "சார், ஸ்ரீரங்கம் தாண்டியாச்சு, ஜங்ஷன் வருது, பெட்ஷீட் குடுங்க"ன்னு உருவிட்டார். மாமா "ஐயோ, ஜங்ஷனா! பிராங்க்ளின், இறங்குடா!"ன்னு பையைத் தூக்கிக்கிட்டு ஓடினார். மாப்பிள்ளையும் பின்னாடியே ஓடினார். அவங்க அம்மா என்னைப் பார்த்து, "பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா வாயால சொல்றது, போர்வையை உருவியா சொல்லுவீங்க?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. மன்னார்புரம் பஸ் ஸ்டாப்பில மூணு பேரும் நிக்கிறதாப் பக்கத்து வீட்டு ஷஹனாஸ் அக்கா வந்து சொன்னாங்க. லூர்துராணி அக்கா அழுறா. அப்பாவோ கம்பளியை மடிச்சுக்கிட்டே, "என் பெட்டியில இதுவரைக்கும் ஒரு பாசஞ்சர் ஸ்டேஷனைத் தவறவிட்டதில்ல"ங்கிறார்.

நீங்கதான் அவங்ககிட்டப் பேசணும் அத்தை. விரட்டலை, எழுப்பினோம்னு சொல்லுங்க. அக்காவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடிச்சிருக்கு.

வீட்டில் எல்லோருக்கும், உங்கள் கோழிகளுக்கும் என் அன்பு. வேளாங்கண்ணி மாதா உங்களுக்குத் துணையிருக்க வேண்டிக்கொள்ளும்,
ஜென்சி

பி.கு.: பேச வேண்டாம் அத்தை. மூணு பேரும் இப்பத்தான் திரும்பி வந்தாங்க. சகாயநாதன் மாமா வாசலிலேயே நின்று, "சம்மந்தி, இப்படி ஒரு தூக்கம் என் ஆயுசுல தூங்கினதில்ல. பாதியில நிக்குது. மீதியையும் தூங்கிட்டுத் தேதி குறிப்போம்" என்றார். நான் அப்பாவைக் காய் வாங்கக் காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, விரிப்பை விரித்தேன்.