மூடியோடு எடுத்த அளவு

என் அன்பு மனைவிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. நானும் மகளும் நலம், வீடு நலம், ஆய்வகம் முக்கால்வாசி நலம். உன் நலத்தை நீ எழுதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தலைமை ஆய்வகத்தில் இன்னும் ஓராண்டு இருக்கச் சொல்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. தாராளமாக இரு. இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

ஒழுங்காக என்றால், அமிலம் அளக்கும் உன் மீட்டரைத் தவிர. பதினெட்டு வருடமாக நிறம் பார்த்தே அமிலத்தை அளந்தவன் நான். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுவேன். "கண்ணிருக்கக் கம்பி எதுக்கு?" என்று உன் மின்முனைகளைக் கேலி செய்ததும் நான்தான். நீ போன மறுவாரமே சாயப்பட்டறைக் கழிவுநீர் வந்து சேர்ந்தது. ரத்தச் சிவப்பு. அதில் இளஞ்சிவப்பை எங்கே போய்த் தேட? மேனேஜர் பின்னால் வந்து நின்று, "என்ன சார், கண்ணு என்ன சொல்லுது?" என்றார். வாயை மூடிக்கொண்டு உன் மீட்டரை எடுத்தேன்.

கண்ணாடி மின்முனையையும் அதன் ஜோடியையும் பூப்போலக் கழுவி, கரைசலில் இறக்கினால், எண் நிற்கவே மாட்டேன் என்கிறது. நாலு புள்ளி ஒன்று என்னும், நான் பேனாவை எடுப்பதற்குள் நாலு புள்ளி மூன்று என்னும், எழுதி முடிப்பதற்குள் ஐந்தை எட்டிப் பார்க்கும். காற்றினால்தான் என்று மின்விசிறியை நிறுத்தினேன், வியர்த்ததுதான் மிச்சம். ஒயரை மாற்றினேன், சரிபார்க்கும் கரைசலை மூன்று முறை புதிதாகக் கலக்கினேன், கடைசியில் கெஞ்சியும் பார்த்தேன். பள்ளி விட்டு வந்து உன் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள், "யார்கிட்டப்பா பேசற?" என்றாள்.

அவள்தான் கண்டுபிடித்தாள். மீட்டர் பெட்டியின் உள்பக்கம் நான் ஒட்டியிருந்த காலண்டருக்கு அடியில் உன் கையெழுத்து: "காலையில் ரப்பர் மூடியைத் திற. மாலையில் மூடு." ஜோடி மின்முனையின் மேல் ஓட்டைக்குப் போட்டிருக்கும் குட்டி மூடி! அதைத் திறந்தால்தான் உள்ளிருக்கும் உப்புக்கரைசல் நுனி வழியே கசியும், கசிந்தால்தான் அளவு உண்மையாகும். நானோ தூசி விழுமே என்று இருபத்திரண்டு நாள் இறுக்கி மூடி வைத்திருந்தேன்.

"அடைச்சு வெச்சா எப்படிப்பா இறங்கும்?" என்றாள். அப்படியே உன் குரல். மூடியைத் திறந்தேன், சற்று நேரத்தில் எண் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அமில ஆவி என்று நினைத்து மேனேஜர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

இருபத்திரண்டு நாள் வேலையையும் திரும்பச் செய்தேன். உன் சட்டம்தான்: தப்பான அளவை அழிக்கக் கூடாது, படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். நோட்டு முழுக்க என் கையெழுத்துதான்.

உன் ஸ்டூலை உன் உயரத்திலேயே வைத்திருக்கிறேன். எனக்குக் கால் தரையில் படவில்லை, பரவாயில்லை. காலையில் கை தானாக இரண்டு தம்ளர் டீ ஊற்றுகிறது. இரண்டாவதையும் ஆறவிட்டு நானே குடிக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, கையுறை போடாமல் அமிலத்தைத் தொடாதே. மகளின் முத்தமும் என் ஆசியும் உன்னை நல்லபடி வைக்கட்டும்.

இப்படிக்கு,
நிறம் பார்க்கும் உன் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மகள் வாங்கிப் படித்துவிட்டு, "மூடியைத் திறக்காமலே எழுதியிருக்கியேப்பா" என்றாள். உண்மைதான். மேலே "ஆட்சேபணை எதுவும் இல்லை. தாராளமாக இரு" என்ற இடத்தில் ஒற்றைக் கோடு போட்டு, கையெழுத்தும் தேதியும் இட்டிருக்கிறேன். சரியான அளவு இது: வந்துவிடு.