கொரிய மொழியில் ஒரு குட்டித் தூக்கம்

இன்று தூங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். அரசர்கள் நாடு பிடிக்கக் கிளம்புவார்களே, அந்த மாதிரி முடிவு.

எனக்குக் குடிநீர் நிலையத்தில் இராத்திரி ஷிப்ட். பகலில்தான் படுக்கை. பகலில்தான் என் மனைவியின் எம்பிராய்டரி மிஷினும் விழித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரோடு இணைத்த மிஷின். அது டடடடவென்று சட்டையில் ஒரு பூப் போட்டால் என் மண்டைக்குள் இரண்டு பூ விழும். நிறுத்தச் சொன்னால் சண்டை. கெடுத்து வைத்தால் சோறு கிடையாது.

கம்ப்யூட்டர் நானாக நோண்டிக் கற்றது. அந்தத் தையல் புரோகிராமில் ஒரு வசதி உண்டு: ஓடிக்கொண்டிருக்கும்போதே மொழியை மாற்றலாம். மூடித் திறக்க வேண்டாம். அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். நான் திரை மூலையிலிருந்த உலக உருண்டையைத் தட்டி, இங்கிலீஷிலிருந்து கொரிய மொழிக்குத் தாவினேன். திரையில் பாதி தைத்த பூ அப்படியே இருந்தது. சுற்றியிருந்த எழுத்தெல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் கட்டமும் வட்டமுமாகிவிட்டது.

ஓடிவந்து படுத்தேன்.

"ஏங்க! எழுத்தெல்லாம் என்னமோ ஆயிடுச்சு!"

"ஐயையோ, பெரிய கோளாறு. சாயங்காலம் சரி பண்றேன். அதுவரைக்கும் தொடாதே. வெடிச்சாலும் வெடிச்சிடும்."

"வெடிக்குமா? சரி, நீங்க தூங்குங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' வந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கண் செருகியது. டடடடட!

ஓடினேன். திரை முழுக்கத் தமிழ்.

"யாரு மாத்தினது?"

"நான்தான். நீங்க உருண்டையைத் தட்டினதைச் சமையலறை வாசல்ல நின்னு பார்த்தேனே. நானும் தட்டினேன். அத்தனை மொழிக்கு நடுவுல தமிழும் இருந்தது."

"பார்த்தியா? அப்பவே கேட்கிறதுக்கென்ன?"

"தூக்கத்துக்காக ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபடுறாரு. குறுக்க வரலாமா?"

அவள் திரையை ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தாள். "இங்கிலீஷ்ல இருந்தப்ப பட்டன் இருக்கிற இடத்தைப் பார்த்துத்தான் தட்டிக்கிட்டு இருந்தேன். இப்பத்தாங்க எல்லாம் புரியுது. இதோ பாருங்க, 'வேகம்'னு ஒண்ணு! இத்தனை வருஷமா 'மிக மெதுவாக'ல நின்னிருக்கு!"

"அம்மா தாயே, அதை மட்டும் தொடா..."

தொட்டாள். ஜன்னல், கட்டில், என் பல் எல்லாம் ஒரே தாளத்தில் ஆடின.

நான்கு ராட்சத மோட்டார்கள் ஓடும் என் பம்ப் அறைக்கு அன்று சீக்கிரமே கிளம்பிவிட்டேன், கொஞ்ச நேரமாவது அமைதியாக இருக்கலாமே என்று.