மாறுவேடக் கைதி

சமையல்கட்டுக்குள் மாறுவேடத்தில் புகுந்து பாட்டிலை மீட்பது என்று அன்புராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் செய்தான். காலையில் மாதா கோயில் பூசைக்குக் கட்டிப் போன வேட்டியைக்கூட இன்னும் மாற்றவில்லை.

காரணம், யூடியூபில் பார்த்த ஒரு பழைய துப்பறியும் தொடர். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் டிவியில் ஓடியது. இன்ஸ்பெக்டர் ஒருவர் திருடன் வேஷம் போட்டு ஜெயிலுக்குள் போகிறார். களி தின்கிறார், செய்த தப்பையெல்லாம் சொல்லி அழுகிறார். பக்கத்தில் படுத்திருந்த கைதி மனம் இளகி, வைரம் புதைத்த இடத்தைக் கக்கிவிடுகிறான். அங்கேயே அன்புராஜ் கைதட்டி எழுந்துவிட்டான்.

அவனுடைய வைரம் ஒரு ஃபுல் பாட்டில். சித்தப்பா மகன் பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. வில்லியனூர் கடைகளில் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றிச் சாம்பலோடு வந்த அவன் மனைவி ஜோஸ்பின், அதை எங்கோ ஒளித்துவிட்டாள். ஈஸ்டர் அன்றுதான் தருவாளாம். அதுவரைக்கும் ஒரு மனுஷன் நாக்கைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா?

"கீரையக் குடு, நான் ஆயறேன்."

"இன்னாங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒனக்கு ஒத்தாசையா இருக்கலாம்னுதான்."

கீரை முடிந்தது. வெங்காயம் வந்தது. பாத்திரம் வந்தது. கிரைண்டரையும் கழுவினான். கழுவக் கழுவ இன்ஸ்பெக்டர் மிடுக்கு ஏறியது. கடைசியில் குவார்ட்டரைப் பலி கொடுத்து ஃபுல்லைப் பிடிக்கும் கட்டத்துக்கு வந்தான்.

"ஜோஸ்பினு, ஒரு பாவம் பண்ணிட்டேன். எங்கூட்டாளி புகழ்வேந்தன் வயல்ல, மோட்டார் கொட்டாயில, சாக்குக்கு அடியில ஒரு குவார்ட்டர் வெச்சிருக்கேன்."

அவள் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தவக்காலத்துல பாவத்த ஒத்துக்குனா மன்னிப்பு உண்டுங்க. நானும் ஒளிக்கக் கூடாது. ஒங்க பாட்டிலு அரிசி டிரம்முல இருக்குது. ஆனா ஈஸ்டர் வரைக்கும் தொடக் கூடாது, இன்னா?"

"மாதா மேல சத்தியமா தொட மாட்டேன்."

கோயிலில் பாட்டுப் பயிற்சி என்று அவள் ஸ்கூட்டியில் கிளம்பினாள். வண்டிச் சத்தம் முனை திரும்பியதுதான் தாமதம், அன்புராஜ் தோள்வரை கையை டிரம்முக்குள் விட்டான். ஒன்றும் தட்டுப்படவில்லை. பாயை விரித்து மொத்த அரிசியையும் கொட்டினான். நாலாபக்கமும் வண்டு ஓடியது. பாட்டிலைக் காணோம்.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஜோஸ்பின் கையில் மோட்டார் கொட்டாய்க் குவார்ட்டர்.

"அந்த ஜெயில் கதைய நானும் பாத்தேங்க. நீங்க கடசி வரைக்கும் பாக்கல போல. பக்கத்துல படுத்திருந்தவனும் போலீசுதான். அவன் சொன்ன எடமும் பொய்யி."

அன்புராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் முறத்தை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இந்த அரிசியக் கொட்டி வண்டு பொறுக்கணும்னு ஒரு வாரமா நெனச்சிக்கினு இருந்தேன். டிரம்ம சாய்க்கதான் ஆளு இல்ல."

"அதெல்லாம் பொறுக்கறேன்டி. பிரான்சு பாட்டிலு எங்கதான் இருக்குது, அத மட்டும் சொல்லிடு."

"கேட்டவொடனே சொல்றதுக்கு நான் இன்னா கைதியா?"