இருபத்து மூன்றாம் எண் அட்டைக்குச் சான்றொப்பம் வாங்கிய விவரம்

மரியே வாழ்க

பெரியநாயக்கன்பாளையம்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள மாப்பிள்ளை லியோவுக்கு,

உன் மச்சான் ஞானமுத்து எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாங்கள் சுகம். உன் அக்கா விமலாராணியின் முழங்கால் மட்டும் கிருபைக்கு இன்னும் கட்டுப்படவில்லை. மஸ்கட்டில் நீயும் ரெபேக்காவும் சுகமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தைப் பிரிக்கும் வரையிலாவது. போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் உன் அட்டை. எண்பத்தொன்பதில் ஒரு பபுள்கம் கம்பெனி மிட்டாயோடு கொடுத்த நாற்பது ரயில் எஞ்சின் படங்களில், இருபத்து மூன்றாவதான நம் மேட்டுப்பாளையம் மலை ரயில் எஞ்சின் அச்சிடப்படவே இல்லை என்று அட்டை சேகரிப்பவர்கள் அத்தனை பேரும் சொல்ல, நீ ஒருவன் மட்டும் அது உன்னிடம் இருந்ததாக முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லி வந்தாய். உங்கள் குழுவில் யாராவது கதை விட்டால், "இதென்ன, லியோவோட இருபத்து மூணா?" என்று கேட்கிறார்களாம். மறைக்காமல் சொல்கிறேன், நானும் அப்படிக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். போன மாதம் உன் அக்கா பீரோவைச் சுத்தம் செய்தபோது உன் பழைய ஜெபப் புத்தகத்திலிருந்து அது விழுந்தது. முன்பக்கம் எஞ்சின், பின்பக்கம் கம்பெனி பெயரும் 23 என்ற எண்ணும். ஒரு மூலைகூட மடங்கவில்லை. ஜெபப் புத்தகத்தை நீ எத்தனை முறை திறந்திருப்பாய் என்பதும் அதிலிருந்து தெரிந்தது.

செய்தி கேட்டு நீ போனில் அழுதாய். பிறகு சொன்னாய்: "மச்சான், மும்பைல பழைய கார்டுக்குத் தரம் போடற கம்பெனி இருக்குதுங்க. நிஜமான்னு பார்த்து, பத்துக்கு மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டில அடைச்சுக் குடுப்பாங்க. அப்பறம் ஒருத்தனும் வாயைத் தொறக்க முடியாது. அப்படியே கவர்ல போட்டு அனுப்பிடுங்க, போதும்." இதோடு நிறுத்தியிருக்கலாம். "முப்பத்து நாலு வருஷம் பத்திர ஆபீஸ்ல இருந்தவருக்கு நான் சொல்லோணுங்களா?" என்று ஒரு வார்த்தை சேர்த்தாய். பழி முழுக்க என்னுடையதுதான். அந்த வார்த்தையையும் நீ கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிஜமா பொய்யா என்று பார்க்க ஒரு காகிதத்தை அனுப்புகிறோம். அதிகாரியின் சான்றொப்பம் இல்லாமல் எப்படி அனுப்புவது? இப்போதெல்லாம் சுயசான்றே போதும் என்கிறார்கள். ஒருவன் தன்னைத்தானே நல்லவன் என்று எழுதிக்கொள்வதை என்னால் என்றைக்கும் ஏற்க முடிந்ததில்லை. எனவே பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவரைத் தேடி, பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா நஸ்ரியாவிடம் போனேன். ஒரு பசுவுக்குள் முழங்கைவரை கையை விட்டிருந்தவர், கழுவிக்கொண்டு வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, நகல்லதான் கையெழுத்துப் போடுவோம். இது ஒரிஜினல் ஆச்சுங்களே?"

"ஒரிஜினலைத்தானுங்க அம்மணி சந்தேகப்படறாங்க."

"மாடுன்னா பல்லைப் பார்த்து வயசு சொல்லிப்போடுவேன். இதுல எதைங்க பார்க்கறது?"

"என்னையப் பாருங்க. பொய் சொல்ற ஆளாட்டமா இருக்கறேன்?"

வெளியே இன்னும் ஆறு மாடு நின்றது. அந்தம்மா பெருமூச்சு விட்டுப் பச்சைப் பேனாவைத் திறந்தார். முத்திரையை மட்டும் ஓரமாக, காலி இடத்தில் வைக்கப் போனார். நான்தான் தடுத்தேன். எங்கள் ஆபீசில் போட்டோ ஒட்டினால் முத்திரை பாதி போட்டோவிலும் பாதி காகிதத்திலும் விழ வேண்டும். அப்போதுதான் எவனும் போட்டோவை மாற்ற முடியாது. "நெம்பர் மேல ஏறி உழுகோணுமுங்க. நாளைக்கு எவனாச்சும் இருபத்து மூணை இருபத்தெட்டு ஆக்கிப்போட்டா?" என்றேன். மாட்டைப் பிடித்துப் பழகிய கை. நன்றாகவே அழுத்தி வைத்தார். மை கலையாமலிருக்க மேலே செல்லோடேப்பும் ஒட்டி மும்பைக்கு அனுப்பினேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு வேலையை முழுசாகச் செய்த திருப்தி அன்றைக்குத்தான் கிடைத்தது.

பத்தாம் நாள் அட்டை திரும்பி வந்தது. பெட்டி இல்லை, மார்க் இல்லை. ஒரு தாள் மட்டும் இருந்தது, அதில் இப்படி: அட்டையின் பின்பக்கத்தில் கையெழுத்தும் கால்நடை மருத்துவமனை முத்திரையும் ஒட்டுநாடாவும் உள்ளன. எண்ணைப் படிக்க முடியவில்லை. ஆகவே இது எத்தனையாவது அட்டை என்று உறுதிசெய்ய இயலாது.

உன் அக்கா தாளை வாங்கிப் படித்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா எந் தம்பி சொன்னதுக்கு ஆண்டவராப் பார்த்து ஒரு சாட்சியைக் குடுத்தாரு. அதோட வாய் மேலயே குத்திப்போட்டு வந்து நிக்கறீங்களே" என்றாள். அதன் பிறகு இரண்டு நாள் எனக்கு ரசம் மட்டும் வந்தது, பேச்சு வரவில்லை.

மாப்ளே, நானும் யோசிச்சுப் பார்த்தேன். முப்பத்து நாலு வருஷமா மேசைக்கு அந்தப் பக்கம் நின்ன ஒரு ஆளோட முகத்தைக்கூட நான் சரியாப் பார்த்ததில்ல, நீட்டுன காகிதத்தைத்தான் பார்த்தேன், "நான்தானுங்க அது"ன்னு நேர்ல நின்னவனையே அத்தாட்சி கொண்டான்னு திருப்பி அனுப்பியிருக்கறேன், உன்னையும் அப்படித்தான் திருப்பி அனுப்பியிருக்கறேன், பன்னெண்டு வயசுப் பையன் பொய் சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு ஒரு நாள் யோசிச்சிருந்தா இந்த அட்டையை யாருகிட்டயும் நிரூபிக்க வேண்டியதே இருந்திருக்காது. மன்னிச்சுப்போடு சாமி.

என்னால் முடிந்த பரிகாரத்தைச் செய்துவிட்டேன். மகள் டீனாவை உட்காரவைத்து உங்கள் குழுவுக்கு எழுதச் சொன்னேன்: இருபத்து மூன்றை நான் கண்ணால் பார்த்தேன், அதை மறைத்தவன் லியோ அல்ல, நான், பல்பு வெளிச்சத்தில் பிடித்தால் முத்திரைக்கு அடியில் எண் இன்னும் லேசாகத் தெரிகிறது, நம்பாதவர்கள் நேரில் வரலாம். கதவு எண், பஸ் ஸ்டாப் எல்லாம் கொடுத்திருக்கிறேன். இனி எந்த மனிதரிடமும் காகிதம் கேட்பதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். வாயால் சொன்னால் போதும்.

மாதா உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும். ரெபேக்காவிடம் எங்கள் அன்பைச் சொல். என்னைத் திட்டும்போது 'ங்க' மட்டும் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் மச்சான்
ஞானமுத்து

பி.கு.: தபாலில் சேர்க்க மூன்று நாள் தாமதமாகிவிட்டது. நேற்று உங்கள் குழுத் தலைவர் லட்சுமிநாராயணனே வீட்டுக்கு வந்தார். அட்டையைப் பல்பில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "கள்ளக் கார்டு அடிக்கறவன் எவனாச்சும் மாட்டாஸ்பத்திரி சீலு வெப்பானுங்களா? லியோ சொன்னது நிஜமுங்க" என்றார். உன் அக்கா அழுதாள். எனக்குக் காபி கிடைத்தது. பொள்ளாச்சியில் மற்றவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று அட்டையைக் கேட்டவர், "ரசீது எழுதட்டுங்களா?" என்றார். "உங்க வாய்ச்சொல்லு போதுமுங்க" என்று கொடுத்தனுப்பினேன். இன்று காலை உங்கள் குழுத் தலைவர் லட்சுமிநாராயணன் போன் செய்தார். அட்டையைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்கிறார்.