மேகத்துக்கு ஒரு பூட்டு

தானாகப் போயிருக்க வேண்டிய ஃபைல், கம்ப்யூட்டருக்குள்ளேயே சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. செங்குட்டுவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"போய்த் தொலையேன், சனியனே!"

திருவொற்றியூரில் தங்கப்பாண்டி அண்ணாச்சியின் கன்டெய்னர் யார்டில் அவன் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எத்தனை லாரி உள்ளே, எத்தனை வெளியே என்று கேட்டில் பதிவாகும் ஃபைலை தினமும் காலையில் கிளவுட் என்கிற இணைய மேகத்தில் ஏற்ற வேண்டும். அது ரிப்போர்ட்டாகி அண்ணாச்சியின் போனில் தெரியும். ஞாயிறு, பொங்கல், புயல் என்று எந்த விதிவிலக்கும் கிடையாது. அவன் வந்து பட்டனைத் தட்டினால்தான் உண்டு. இந்தப் பாழாய்ப்போன பட்டனால் மகள் ஷாலுவின் இரண்டு குத்துச்சண்டைப் போட்டிகளைக் கோட்டை விட்டிருந்தான். அடுத்தது நாளைக் காலை, வியாசர்பாடியில்.

"இந்த தபாவும் நீ வர்லன்னா, அப்பான்னே கூப்ட மாட்டேன்" என்று ஷாலு சொல்லிவிட்டாள்.

"சோறும் கெடியாது" என்றாள் மனைவி யசோதரா.

அதற்காகத்தான் ஃபைல் தானாகப் போக ஒரு புரோகிராம் எழுதினான். எழுதியவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெரிய உத்தமன் மாதிரி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னான்.

"தானா போவுமா? நடுவழியில எவனாவது தூக்கிட்டான்னா?" அண்ணாச்சி பதறி எழுந்தார். "நம்மகிட்ட எத்தன வண்டி நிக்குன்னு எதிர் யார்டுக்காரனுக்குத் தெரிஞ்சா பொழப்பு நாறிரும்லா! நல்ல பூட்டாப் போடும் வே."

பாஸ்வேர்ட் போட்டான். "எவனாவது எட்டிப் பாத்துருவான்" என்றார். அதை எடுத்துவிட்டு டிஜிட்டல் சாவி போட்டான். "சாவியத் திருடிட்டா?" என்றார். சரி, இந்த ஆபீஸ் இன்டர்நெட்டிலிருந்து வந்தால் மட்டும் வாங்கிக்கொள் என்று கிளவுடுக்குக் கட்டளை போட்டான். கரண்ட் போய் வந்தது. ஆபீஸ் நெட்டின் முகவரி எண் மாறிவிட்டது. சொந்த ஆபீஸையே திருடன் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டது கிளவுட். அதனால்தான் இன்றைய சப்பணம்.

நெட் கம்பெனிக்காரனிடம் தொண்டை வற்றக் கத்தி, மாறாத முகவரி ஒன்றை வாங்கினான். மதியம் ஃபைல் சமர்த்தாகப் போனது.

அண்ணாச்சி, வாசல் மெஸ்ஸிலிருந்து வந்த வஞ்சிர மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "எல்லாஞ் சரி வே. ரிப்போர்ட்ட எவனாவது போட்டோ புடிச்சிட்டான்னா?"

செங்குட்டுவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பூட்டினான். பார்க்கலாம், காப்பி எடுக்க முடியாது, யாருக்கும் அனுப்ப முடியாது, ஸ்கிரீன்ஷாட்டும் எடுக்க முடியாது.

"நாளைக்கு லீவு எடுத்துக்கிடும்" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் ஃபைல் போய்ச் சேர்ந்த செய்தி போனுக்கு வந்துவிட்டது. செங்குட்டுவன் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். ரிங்கில் ஏறிய ஷாலு, அப்பனைப் பார்த்துக் கையுறையை ஆட்டினாள். அப்போது போன் அடித்தது.

"ஓடி வாரும் வே! ரிப்போர்ட்டு மக்கர் பண்ணுது!"

"இன்னா மக்கர் அண்ணாச்சி?"

"போன்ல சொல்ல முடியாது, பாதுகாப்பு விசயம்! இப்ப வரலன்னா திங்கக்கிழமையும் வரவேண்டாம்!"

யசோதரா அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் எழுந்து ஓடினான்.

ஷேர் ஆட்டோ லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நகர மறுத்தது. யசோதரா போன் செய்தாள். "உன் பொண்ணு ஜெயிச்சிட்டா. நீ அந்த ஃபைலையே கட்டிகினு அழு."

வயிறெரிய ஆபீசுக்குள் நுழைந்து ரிப்போர்ட்டைத் திறந்தான். ஒரு லாரிகூடக் குறையவில்லை.

"எல்லாம் கரீட்டாத்தானே கீது அண்ணாச்சி?"

"இருக்கு வே. ஆனா வெளிய எடுக்க முடியலயே. போனுக்குள்ளயே போட்டோ புடிச்சாக்கூட கறுப்பா வருது."

"நீங்கதானே பூட்டச் சொன்னீங்க! யாருக்கு அனுப்பணும்?"

அண்ணாச்சி ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.

கதவு படாரென்று திறந்தது. கேட்டுக்கு வெளியே மெஸ் நடத்தும் பச்சையம்மா, கையில் கரண்டியோடு நின்றாள்.

"இன்னா அண்ணாச்சி, டெய்லி என் வாட்சப்புக்கு ரிப்போர்ட்ட தட்டி வுடுவியே, இன்னிக்கு இன்னா ஆச்சி? எத்தினி டிரைவரு உள்ள கீறான்னு தெரியாம எம்மா அரிசி போடுறது? எதிர் யார்டு மொதலாளி அவரு யார்டு ரிப்போர்ட்ட காலைலயே எனுக்கு அனுப்பிட்டு, ஒனுக்கு எடுத்து வெச்ச வஞ்சிரத் தலையயும் வாங்கிகினு போயாச்சி!"